அடிக்களிம்போடு ஒப்பிடுங்கள்



முகத்தில் முதுமையின் அடையாளங்களைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் பூச்சுகளை எப்படிச் சோதிக்கிறார்கள், எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். உயிர் காக்கும் மருந்துகள் எத்தனையோ இருக்க, அழகுக் களிம்பைப் பற்றி ஏன் ஓர் அறக்கட்டளைப் பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். தோல் மருத்துவப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் வராது. படையையும் அரிப்பையும் காட்டி முடித்த பிறகு, எழுந்திருக்கும் நேரத்தில் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, "இதப் போடலாமா டாக்டர்? பலன் இருக்குமா?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் மட்டும் கேட்பதில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்களும் கேட்கிறார்கள். மாதச் சம்பாத்தியத்தில் ஒரு பங்கு அந்தக் குப்பிக்குள் போயிருக்கிறது. அவர்களுக்கு உண்மையான பதில் கிடைக்க வேண்டும்.

அந்தப் பதில் ஓர் எதிர்க்கேள்வியில் தொடங்குகிறது. பலன் என்றால், எதோடு ஒப்பிட்டு?

எந்த முகப்பூச்சிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, விளம்பரத்தில் பெயர் சொல்லப்படும் பொருள்: வைட்டமின் ஏ வகை, வைட்டமின் சி, பெப்டைடு, நியாசினமைடு என்று ஏதோ ஒன்று. அது மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். மற்றது, அதைச் சுமந்து தோலில் பரப்பும் எண்ணெயும் நீரும் கிளிசரினும் சேர்ந்த கலவை. அதை நான் அடிக்களிம்பு என்று சொல்கிறேன். அடிக்களிம்பு சும்மா இருப்பதில்லை. தோலின் மேலடுக்கில் உள்ள உயிரற்ற செல்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அவற்றுக்கிடையே இருந்த மெல்லிய கோடுகள் தூர்ந்துபோகின்றன. ஒளி சீராகத் திரும்புவதால் முகம் பளிச்சென்று தெரிகிறது. வாஸ்லின் தடவினாலே சில மணி நேரத்தில் இதில் ஒரு பங்கைக் காணலாம். ஆகவே ஒரு கிரீமைப் பூசிய ஒருவர் "முன்னைவிட நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நன்மைக்குக் காரணம் அவர் பெருவிலை கொடுத்த அந்தப் பொருளா, அல்லது எந்தக் களிம்பிலும் இருக்கும் எண்ணெயும் நீருமா என்பது அந்த வார்த்தையிலிருந்து தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒரு சாராருக்கு முழுப் பூச்சையும் மற்றொரு சாராருக்கு அடிக்களிம்பை மட்டும் கொடுத்து, யாருக்கு எது என்பது பூசுகிறவருக்கும் பார்த்து மதிப்பிடுகிறவருக்கும் தெரியாமல் வைத்து, கடைசியில் இரண்டு சாராரையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது. நேற்றைய முகத்தோடு இன்றைய முகத்தை ஒப்பிடுவது சோதனையே ஆகாது. இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இதுதான். ஆனால் இவ்வளவு எளிய விதியை எவ்வளவு பெரிய இடங்களில் எப்படியெல்லாம் தவற விட்டிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் முதுமை பற்றி இரண்டொரு வார்த்தை. தோலுக்கு இரண்டு வகை முதுமை உண்டு. வயதால் வருவது ஒன்று, வெயிலால் வருவது மற்றொன்று. முகத்தில் நாம் காணும் ஆழ்ந்த வரிகள், திட்டுகள், சொரசொரப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி வெயிலின் வேலை. 2012 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வெளிவந்தது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். அவருடைய முகத்தின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடப் பல ஆண்டுகள் மூத்ததாகத் தெரிந்தது. தோல் தடித்து, ஆழமான மடிப்புகள் விழுந்திருந்தன. அமெரிக்காவில் ஓட்டுநரின் இருக்கை இடப்பக்கம். சன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும் புற ஊதா-ஏ கதிர் அந்தக் கன்னத்தில்தான் நாள் முழுக்க விழுந்தது. ஒரே மனிதர், ஒரே வயது, ஒரே சாப்பாடு, ஒரே பரம்பரை. மாறியது ஒன்றே ஒன்று. வெயில் தானாகவே நடத்திக் காட்டிய சோதனை அது. நல்ல ஆராய்ச்சியாளர்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள்: முகத்தின் ஒரு பாதியில் மருந்து, மறு பாதியில் அடிக்களிம்பு.

தோலுக்குள் நடப்பது என்ன என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் வூர்ஹீஸ், கேரி ஃபிஷர் குழுவினர் தொண்ணூறுகளில் தெளிவாக்கினார்கள். வெயில் பட்ட தோலில், அதற்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை வெட்டும் நொதிகள் பெருகுகின்றன; புதிய கொலாஜன் உருவாவதும் குறைகிறது. உட்தோலின் கட்டுமானம் இப்படி மெல்ல மெல்லச் சிதைகிறது. கொலாஜன் குறைகிறது என்றதும் கொலாஜனையே கிரீமில் போட்டு விற்பவர்கள் உண்டு. கொலாஜன் மூலக்கூறின் எடை ஏறத்தாழ 3 லட்சம் டால்டன். ஆரோக்கியமான தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போவது, பொதுவாக 500 டால்டனுக்குக் குறைந்த மூலக்கூறுகள்தான். மேலே பூசிய கொலாஜன் மேலேயே தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். உள்ளே போய்ச் செங்கல்லாக அமராது. இதை இத்தோடு விடுகிறேன்.

இனி டிரெட்டினாயின் கதை. முதுமைப் பூச்சுகளில் சோதனையைத் தாங்கி நின்ற முதல் மருந்து அதுதான். அந்தக் கதையில் பெருமையும் இருக்கிறது, மறக்கக்கூடாத அநீதியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் ஆல்பர்ட் கிளிக்மன். வைட்டமின் ஏ-யின் அமில வடிவமான டிரெட்டினாயின் முகப்பருவைக் குறைக்கும் என்று 1969-ல் அவர் தம் சகாக்களோடு எழுதினார். 1971-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை முகப்பருவுக்கு அனுமதித்தது. பருவுக்காகப் பூசிவந்த நடுவயதுப் பெண்கள் சிலர், பரு போனதோடு முகம் வழவழப்பாகிறது, சிறு வரிகள் மங்குகின்றன என்று சொன்னார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு தொடர்ந்து ஆராய்ந்தது அவருடைய திறமை. 1986-ல் வெயிலால் முதிர்ந்த தோலுக்கு டிரெட்டினாயின் என்ற கட்டுரை அவரிடமிருந்து வந்தது.

அதே கிளிக்மன் 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்தினார். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வழக்கு விசாரணைகூட முடியாமல், பிணைத்தொகை கட்ட வழியின்றி உள்ளே இருந்தவர்கள் பலர். சில டாலர்களுக்காக முதுகையும் கையையும் கொடுத்தார்கள். அழகுப் பொருள்கள், மருந்துகள், நிறுவனங்களுக்காக டையாக்சின், இராணுவத்துக்காக இரசாயனங்கள் என்று அவர்கள் மீது பூசப்பட்டவை பல. என்ன பூசுகிறார்கள் என்பது பலருக்குச் சொல்லப்படவே இல்லை. சிறைக்குள் முதன்முதலாகப் போனபோது தம் கண்ணுக்குத் தெரிந்தது ஏக்கர் கணக்கில் தோல்தான், வளமான வயலைக் கண்ட உழவனைப்போல உணர்ந்தேன் என்ற பொருள்பட 1966-ல் அவரே ஒரு நாளிதழிடம் சொன்னார். ஆலன் ஹார்ன்பிளம் என்ற எழுத்தாளர் 1998-ல் இதையெல்லாம் புத்தகமாக எழுதி வெளிக்கொணர்ந்தார். முன்னாள் கைதிகள் தொடுத்த வழக்கு காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடியானது. பிலடெல்பியா நகர நிர்வாகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2022 அக்டோபரில். கிளிக்மன் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2010-ல் இறந்துவிட்டார். சோதனைக்கு உள்ளானவர்களிலும் பலர் அந்த மன்னிப்பைக் கேட்க உயிரோடு இல்லை.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். சோதனை வேண்டும் என்று நான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். யார் மீது, அவர்களுடைய எந்தச் சம்மதத்தோடு என்ற கேள்வி அதற்குப் பின்னால் வருவதல்ல, அதற்கு முன்னால் வருவது. அழகுக்கான பூச்சு என்பதால் இந்தக் கேள்வியின் கூர்மை குறைந்துவிடாது. கூடத்தான் செய்யும். ஏனென்றால், உயிர் போகும் நோய்க்கு மருந்து தேடினோம் என்ற சாக்குகூட இங்கே கிடையாது.

இனி டிரெட்டினாயினுக்குத் திரும்புவோம். 1988 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மிச்சிகன் குழுவின் சோதனை வெளியானது. முப்பது பேர், பதினாறு வாரம், 0.1 சதவீத டிரெட்டினாயின். முன்கைகளிலும் முகத்திலும் பூசினார்கள். முகத்தில் மருந்து பூசிய 15 பேரில் 14 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அடிக்களிம்பு மட்டும் பூசியவர்களில் ஒருவருக்கும் இல்லை. இதைவிடத் தெளிவான முடிவை எதிர்பார்க்க முடியாது. செய்தி பரவியதும் கடைகளில் அந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. தயாரித்த நிறுவனத்தின் பங்கு விலை ஏறியது.

ஆனால் அந்தச் சோதனையில் ஒரு சிக்கலும் இருந்தது. டிரெட்டினாயின் பூசிய ஏறத்தாழ எல்லோருக்கும் தோல் சிவந்து, உரிந்து, எரிந்தது. அப்படியானால் யார் எதைப் பூசுகிறார் என்ற இரகசியம் எத்தனை நாள் நிலைக்கும்? எரிச்சல் வந்தவர் தமக்குக் கிடைத்தது மருந்துதான் என்று அறிந்துகொள்வார். மருத்துவரும் சிவந்த கன்னத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். தோல் லேசாக வீங்கினாலே சிறு வரிகள் மறையும் என்பது வேறு. திறமுள்ள எந்தத் தோல் பூச்சையும் சோதிப்பதில் இந்த இடர்ப்பாடு இருக்கிறது: வேலை செய்யும் பொருள் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு விடை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. 1993-ல் அதே குழு, தோலில் சிறு துண்டெடுத்து உள்ளே பார்த்தது. வெயிலால் பழுதான தோலில் கொலாஜன் உருவாவது, வெயில் படாத தோலைவிட 56 சதவீதம் குறைவாக இருந்தது. பத்து முதல் பன்னிரண்டு மாதம் டிரெட்டினாயின் பூசிய பிறகு அது 80 சதவீதம் கூடியது. அடிக்களிம்பு பூசியவர்களுக்கு 14 சதவீதம் குறைந்தது. நுண்ணோக்கிக்குக் கீழே வைத்த துண்டுக்கு எது மருந்து என்று தெரியாது. சிவப்பும் வீக்கமும் அங்கே யாரையும் ஏமாற்ற முடியாது. 1995-ல் அதே குழுவின் கிறிஸ் கிரிஃபித்ஸ் முதலானோர் இன்னொன்றையும் காட்டினார்கள். 0.1 சதவீத மருந்தும் 0.025 சதவீத மருந்தும் ஓராண்டளவில் ஏறத்தாழ ஒரே அளவு நன்மை தந்தன. எரிச்சல் மட்டும் குறைந்த அளவில் வெகுவாகக் குறைந்தது. எரிந்தால்தான் வேலை செய்யும் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு இந்தச் சோதனையே பதில்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1995 இறுதியில் 'ரெனோவா' என்ற பெயரில் 0.05 சதவீத டிரெட்டினாயினை முகத்துக்கு அனுமதித்தது. அந்த மருந்தோடு வரும் தாளைப் படித்துப் பாருங்கள். சிறு வரிகள், நிறத் திட்டுகள், சொரசொரப்பு ஆகியவற்றைத் தணிக்க உதவும் என்று சொல்லிவிட்டு, இது சுருக்கங்களை நீக்காது, வெயிலால் பழுதான தோலைச் சரிசெய்யாது, முதுமையைத் திருப்பாது என்று அதே தாள் அச்சிட்டுச் சொல்கிறது. இருக்கும் பூச்சுகளிலேயே அதிகச் சான்று உள்ள மருந்து இப்படி அடக்கமாகப் பேசுகிறது. சான்றே இல்லாதவை பத்து வயது குறையும் என்று சொல்கின்றன.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. மருந்து என்றால் விற்குமுன் பலனை நிரூபிக்க வேண்டும். அழகுப் பொருள் என்றால் தீங்கில்லை என்பதே போதும். அமெரிக்காவில் 1938-ன் சட்டமும் இந்தியாவில் 1940-ன் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமும் இந்தக் கோட்டைத்தான் வரைகின்றன. தோலின் செயலை மாற்றுகிறது என்று சொன்னால் மருந்தாகிவிடும். "தோற்றத்தை" மேம்படுத்துகிறது என்று சொன்னால் அழகுப் பொருளாகவே இருக்கலாம். லேபிளில் "தோற்றம்" என்ற சொல் அத்தனை முறை வருவதன் காரணம் இதுதான். 2014-ல் அமெரிக்க வணிக ஆணையம் லோரியால் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை மீது நடவடிக்கை எடுத்தது. மரபணுக்களைத் தூண்டி இளமை தரும் என்ற விளம்பரத்துக்கு உரிய ஆதாரம் இல்லை என்பது குற்றச்சாட்டு. இனி அப்படிச் சொல்வதில்லை என்று நிறுவனம் உடன்பட்டது.

இப்போது என் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். அழகுப் பொருள் நிறுவனம் ஒன்று உண்மையிலேயே சோதித்துப் பார்க்க முன்வந்தபோது என்ன நடந்தது?

2007 மார்ச்சில் பி.பி.சி.யின் 'ஹொரைசன்' நிகழ்ச்சி, பூட்ஸ் மருந்துக்கடைகளில் விற்கும் 'நம்பர் செவன்' வகை சீரம் ஒன்றைப் பற்றிச் சொன்னது. முன்பு சொன்ன அதே கிறிஸ் கிரிஃபித்ஸ், இப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியராக, அதை முன்கையில் சில நாள் ஒட்டிவைத்துப் பார்த்ததில், தோலின் மீள்தன்மைக்கு வேண்டிய ஃபிப்ரிலின் என்ற புரதம் கூடியதாகத் தெரிந்தது. மறுநாள் பிரிட்டன் முழுக்கக் கடை வாசலில் வரிசை. சரக்கு தீர்ந்துபோனது. விலை இருபது பவுண்டுக்கும் குறைவு. அதுவே பரபரப்புக்குக் காரணம். நூறு பவுண்டு கிரீம்களைவிட இது மேல் என்று பேச்சாகிவிட்டது.

பிறகு முழுமையான சோதனை நடந்தது. பூட்ஸ் நிறுவனம் பணம் கொடுத்தது. வெயிலால் முதிர்ந்த முகமுள்ள அறுபது பேர், சமவாய்ப்பில் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஆறு மாதம் ஒரு குழுவுக்குச் சீரம், மறு குழுவுக்கு அடிக்களிம்பு. யாருக்கு எது என்று எவருக்கும் தெரியாது. முடிவு 2009-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜியில் வந்தது. இதில் எத்தனை நல்லவை இருக்கின்றன என்று பாருங்கள். கடையில் கிடைக்கும் ஓர் அழகுப் பொருளை இவ்வளவு ஒழுங்காகச் சோதித்து, முடிவை மருத்துவ இதழில் அச்சிடுவது அபூர்வம். இதற்காக அந்தக் குழுவைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் முடிவை முதலில் எப்படிச் சொன்னார்கள்? சீரம் பூசியவர்களின் சுருக்கம் தொடக்க நிலையைவிடக் கணிசமாகக் குறைந்தது. உண்மையில் மாற்றமே இல்லாதபோதும் இப்படித் தெரியும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு 0.013. அடிக்களிம்பு பூசியவர்களுக்குக் கணிசமாகக் குறையவில்லை. பி மதிப்பு 0.11. ஆகவே சீரம் வேலை செய்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இங்கேதான் யார்க் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் மார்ட்டின் பிளாண்ட் எழுந்து நின்றார். ஒவ்வொரு குழுவையும் அதன் தொடக்கத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு குழுவை மற்றதோடு ஒப்பிட்ட கணக்கு எங்கே என்று கேட்டார். சமவாய்ப்பில் இரண்டு குழு பிரித்ததே அந்த ஒப்பீட்டுக்காகத்தானே?

அந்த ஒப்பீட்டைச் செய்தால் கிடைப்பது இது. ஆறு மாதத்தில் சீரம் பூசியவர்களில் 43 சதவீதம் பேருக்குச் சுருக்கம் குறைந்தது. அடிக்களிம்பு மட்டும் பூசியவர்களில் 22 சதவீதம் பேருக்குக் குறைந்தது. இரண்டுக்குமான வேறுபாட்டின் பி மதிப்பு 0.10. சீரத்தில் ஒன்றுமே இல்லையென்றாலும்கூட இந்த அளவு வேறுபாடு பத்துக்கு ஒருமுறை தானாகவே தோன்றும் என்று பொருள். மருத்துவ ஆய்வுகளில் வழக்கமாகக் கேட்கும் இருபதுக்கு ஒன்று என்ற வரம்பை அது எட்டவில்லை. பின்னர் அச்சில் வந்த கட்டுரையில், முன்னேற்றத்தின் போக்கு தெரிகிறது, ஆனால் புள்ளியியல்படி உறுதியில்லை என்று வாசகம் மாற்றப்பட்டது.

பிளாண்டும் ஆக்ஸ்ஃபோர்டின் டக்ளஸ் ஆல்ட்மனும் 2011-ல் இந்தச் சோதனையையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கட்டுரை அது. அவர்கள் காட்டியதன் சாரத்தை இப்படிச் சொல்லலாம். இரண்டு குழுவுக்கும் ஒரே களிம்பைக் கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குழுவும் ஓரளவு முன்னேறுகின்றன. ஒவ்வொரு குழுவும் "கணிசம்" என்ற கோட்டைத் தாண்டுவதற்கு ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. இரண்டு நாணயங்களைச் சுண்டினால் ஒன்று தலை, ஒன்று பூ என்று விழுவது பாதி நேரம் நடக்கும். அதேபோல் ஒரு குழு கோட்டைத் தாண்டி மற்றது தாண்டாமல் போவதும் பாதி நேரம் நடக்கும். ஒரே களிம்பு! ஆனால் நாம் அதைப் பார்த்து, இது வேலை செய்கிறது, அது செய்யவில்லை என்று எழுதிவிடுவோம். நூற்றுக்கு ஐந்து முறை தவறலாம் என்று நாம் ஏற்றுக்கொண்ட இடத்தில், இந்த முறையால் நூற்றுக்கு ஐம்பது முறை வரை தவற முடியும்.

சீரம் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தச் சோதனை அதையும் நிரூபிக்கவில்லை. அறுபது பேர் என்ற எண்ணிக்கை இந்தக் கேள்விக்குப் போதாமல் இருந்திருக்கலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு எல்லோருக்கும் சீரமே கொடுக்கப்பட்டது. பன்னிரண்டாம் மாதத்தில் சீரம் பூசியவர்களில் 70 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், அடிக்களிம்புக்கு 33 சதவீதம் என்று கட்டுரை சொல்கிறது. அந்த 33 அளந்து பெற்ற எண் அல்ல. அடிக்களிம்பைத் தொடர்ந்திருந்தால் இவ்வளவு இருந்திருக்கும் என்று கணித்த எண். அளந்ததையும் கணித்ததையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

அந்த 22 சதவீதத்தை மட்டும் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். சிறப்புப் பொருள் எதுவும் இல்லாத வெறுங்களிம்பை ஆறு மாதம் தவறாமல் பூசியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல், எதைப் பூசினார் என்று தெரியாத மருத்துவரின் கண்ணுக்கே சுருக்கம் குறைந்து தெரிந்திருக்கிறது. பத்திரிகை விளம்பரங்களில் "பயன்படுத்திய பெண்களில் இத்தனை சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள்" என்று வருகிறதே, அந்த எண்ணிலிருந்து கழிக்க வேண்டியது இது. அங்கே ஒப்பிட இரண்டாவது குழுவே கிடையாது என்பதால் எவ்வளவு கழிப்பது என்று யாருக்கும் தெரியாது. "தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது" என்ற வாசகமும் பெரும்பாலும் அரிப்பு, ஒவ்வாமை வருகிறதா என்று பார்த்ததைத்தான் குறிக்கிறது. பலனைப் பார்த்ததை அல்ல.

அளக்கும் முறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புகைப்படங்களை வரிசையாக அடுக்கி 0 முதல் 8 வரை மதிப்பெண் தரும் அளவுகோல் ஒன்றை மிச்சிகன் குழு 1992-ல் உருவாக்கியது. சிலிக்கோனை ஊற்றித் தோலின் அச்சை எடுத்து வரிகளின் ஆழத்தை அளப்பது உண்டு. தோலை உறிஞ்சி இழுத்து மீள்தன்மையை அளக்கும் கருவியும் உண்டு. எந்தக் கருவியானாலும் ஒளியின் கோணம் மாறக்கூடாது, முகபாவம் மாறக்கூடாது, படம் எடுக்கும் அன்று காலையில் எதையும் பூசியிருக்கக்கூடாது. பக்கவாட்டு ஒளியில் "முன்பு" படத்தையும் நேரொளியில் "பின்பு" படத்தையும் எடுத்தால் பச்சைத்தண்ணீர்கூட முதுமையைப் போக்கும்.

நான் மிகவும் மதிக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அது எந்தச் சீரத்தையும் பற்றியதல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பூர் என்ற ஊர். அங்கே அடெல் கிரீன் தலைமையில் 1992-ல் 1621 பேரைச் சேர்த்து, தோல் புற்றுநோயைத் தடுக்க சன்ஸ்கிரீன் உதவுமா என்று சோதித்தார்கள். ஒரு சாரார் தினமும் பூச வேண்டும். மறு சாரார் எப்போதும்போல் விருப்பப்படி நடந்துகொள்ளலாம். அவர்களுக்குப் போலிச் சன்ஸ்கிரீன் கொடுப்பது, அந்தக் கொடும் வெயிலில், அறமாகாது என்று விட்டுவிட்டார்கள். ஹோம்ஸ்பர்க்கை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும். அடிக்களிம்போடு ஒப்பிடும் விதிக்கும் மேலான விதி ஒன்று உண்டு என்பதையும் இது காட்டுகிறது. அவர்களில் 55 வயதுக்குக் குறைந்த 903 பேரின் புறங்கைத் தோலைச் சிலிக்கோன் அச்சில் எடுத்து ஒப்பிட்ட முடிவு 2013-ல் வந்தது. நாலரை ஆண்டில் தினமும் பூசியவர்களின் தோலில் முதுமை கூடியதாகவே தெரியவில்லை. விருப்பப்படி பூசியவர்களைவிட அவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. அதே சோதனையில் பாதிப் பேருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒட்டுமொத்தத்தில் அதனால் பலன் தெரியவில்லை. நூற்றுக்கணக்கானோர், ஆண்டுக்கணக்கில், ஊரின் அன்றாட வெயிலில், இரண்டு குழுவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு. சோதனை என்றால் இது.

இனி நம் முகங்களுக்கு வருவோம். நான் இதுவரை சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் நடந்தவை. நம் தோலில் மெலனின் அதிகம். வரிகள் தாமதமாக வருகின்றன. முதலில் மாறுவது நிறம். கன்னத்தில் மங்கு, நெற்றியோரத்தில் கருமை, கண்ணைச் சுற்றிக் கருவளையம். சுருக்கத்தை மட்டும் அளக்கும் ஒரு சோதனை நம்மவர்களின் குறையை அளக்கவே இல்லை. இன்னொன்று, பக்கவிளைவு. வெள்ளைத் தோலில் எரிச்சல் வந்தால் சில வாரம் சிவந்து ஆறிவிடும். நம் தோலில் அந்த எரிச்சல் கரும்படலமாகி மாதக்கணக்கில் நிற்கும். அங்கே "லேசான, தற்காலிகமான" என்று எழுதப்பட்டது இங்கே நோயாளியின் புதிய நோயாகிறது.

இதற்கு நம் நாட்டில் நடந்ததைவிட வேறு சான்று வேண்டாம். 1975-ல் கிளிக்மனும் வில்லிஸும் சேர்ந்து தோலின் நிறத்தைக் குறைக்க ஒரு கலவையை வெளியிட்டார்கள்: டிரெட்டினாயின், ஹைட்ரோகுயினோன், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மருத்துவர் பார்வையில் சில வாரம் மட்டும் மங்குக்குப் பூச வேண்டியது. அதன் வழிவந்த மும்மருந்துக் கலவைகள், இன்னும் வீரியமான ஸ்டீராய்டோடு, நம் மருந்துக்கடைகளில் சீட்டே இல்லாமல் முகக் கிரீமாக விற்றன. பூசிய சில நாளிலேயே முகம் பளபளக்கும். அதைப் பார்த்து அக்கா தங்கைக்குச் சொல்வார், தங்கை தோழிக்குச் சொல்வார். இரண்டு வாரம் கழித்து "முன்பு, பின்பு" என்று படம் எடுத்திருந்தால் அதைவிடச் சிறந்த கிரீம் உலகத்திலேயே இல்லை. மாதங்கள் போனபின் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, பரு வெடித்து, முகத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் தாங்க முடியாத எரிச்சல். எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் பல நகரங்களில் சேர்ந்து நடத்திய ஆய்வு 2011-ல் இந்தியத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. முகத்தில் தோல் நோயோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம். தோல் மருத்துவர்களின் சங்கம் பல ஆண்டு வற்புறுத்திய பின், 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. கிரீமும் இன்னும் கிடைக்கிறது.

ஹோம்ஸ்பர்க் கைதிகள் பலரிடம், என்ன பூசுகிறோம் என்று சொல்லாமலே சோதித்தார்கள். நம் பெண்களிடம் சோதிக்காமலே விற்றார்கள். இரண்டிலும் தோலைக் கொடுத்தவர்கள் எளியவர்கள்.

நம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவுகளுக்கு நாள்தோறும் வருகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நமக்குத் தேவையான சோதனையை நடத்த இதைவிடத் தகுந்த இடம் எது? விலை மலிவான மருந்துகள் கைவசம் இருக்கின்றன: குறைந்த அளவு டிரெட்டினாயின், நியாசினமைடு, நிறமுள்ள சன்ஸ்கிரீன். இங்கே அமர்ந்திருக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லூரியில் அறுபது பேர் போதாது. மூன்று நான்கு கல்லூரிகள் சேர்ந்து செய்யுங்கள். சேர்க்கும் முதல் நபருக்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், எதை முதன்மையாக அளக்கப் போகிறீர்கள் என்று எழுதிவையுங்கள். அது நிறமாக இருக்கட்டும், சுருக்கம் இரண்டாவதாக வரட்டும். சம்மதப் படிவத்தை நோயாளி பேசும் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, வேண்டாம் என்றால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்று சொல்லிப் பிறகு கையெழுத்து வாங்குங்கள். ஓராண்டு நடத்துங்கள்; நம் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் இரண்டும் அதில் வரட்டும். எரிச்சலால் பாதியில் விட்டுப்போனவர்களையும் கணக்கில் வையுங்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்று வீடு தேடிப்போய்க் கேட்டு எழுதுங்கள். அடிக்களிம்பு எந்தக் கம்பெனியிலிருந்து வந்தாலும், மருந்துள்ளதும் இல்லாததும் ஒரே நிறம், ஒரே மணம், ஒரே குழாயில் இருக்க வேண்டும். முடிவு எதுவானாலும், மருந்து தோற்றாலும், அச்சிடுங்கள். அடுத்த முறை குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவருக்கு, அமெரிக்காவிலும் மான்செஸ்டரிலும் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லாமல், அவருடைய தோலில் என்ன நடக்கும் என்று சொல்ல நம்மிடம் ஓர் எண் இருக்கட்டும்.